ஒரு பழைய குறுந்தட்டை லினக்ஸுக்குள் கொண்டுவருவது: சட்டம் எங்கெங்கே குறுக்கே வருகிறது

1990களின் கடைசியில் வந்த ஒரு விளையாட்டுக் குறுந்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே பொருள். உள்ளே போனால் ஆளுக்கொரு சொந்தக்காரர். விளையாட்டை ஓட்டும் நிரல் (எஞ்சின்) ஒரு நிறுவனத்துடையது. அதன் படங்களும் ஒலிகளும் இன்னொரு நிறுவனத்தின் கைக்கு மாறியிருக்கலாம். பின்னணி இசை தனி ஒப்பந்தத்தில் வந்தது. கட்டங்களுக்கு நடுவே ஓடும் காணொளி, பிங்க் அல்லது ஸ்மேக்கர் என்ற மூடிய வடிவத்தில் இருக்கும். திரையில் தெரியும் எழுத்துரு வேறு யாருடையதோ. நகலெடுப்பைத் தடுக்க சேஃப்டிஸ்க் போன்ற ஒரு பூட்டு. அட்டையில் அச்சிட்ட பெயர் வணிகக்குறி.

இதை லினக்ஸில் ஓடும்படி பேக்கேஜாக, அதாவது எளிதில் நிறுவக்கூடிய தொகுப்பாக, கட்டித் தர நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, “இது ஓப்பன் சோர்ஸா?” என்பது. அந்தக் கேள்வி போதாது. இந்த ஃபைலை யார், எங்கிருந்து, யாருக்குக் கொடுக்கிறார் என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (தொகுத்துக் கொடுக்கப்படும் லினக்ஸ் அமைப்பின்) கான்ட்ரிப் பிரிவு, ஃபெடோரா என்ற இன்னொரு டிஸ்ட்ரோவுக்கு வெளியே நிற்கும் ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியம், சிஸ்கோவின் சர்வரில் இருந்து மட்டும் இறங்கும் கோடெக் (காணொளியையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் நிரல்) என்று புதியவர்களுக்கு விநோதமாகத் தெரியும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள்தான்.

சிங்கப்பூரில் இருந்து இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தையே மேற்கோள் காட்டுகிறோம். நம்முடைய சட்டம் சில இடங்களில் அதைவிடத் தாராளமானது, சில இடங்களில் நாம் நினைப்பதைவிட இறுக்கமானது. அந்த இடங்களை அறிந்து வேலை செய்வதற்காகவே இந்தக் கட்டுரை. பணம் புழங்கும் வேலையாக இருந்தால் கட்டுரையோடு நிற்காமல் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள்.

எஞ்சின் வேறு, தரவு வேறு

டூம் விளையாட்டின் மூல நிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டது. முதலில் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது, 1999இல் யாரும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. குவேக் எஞ்சின் 1999 டிசம்பரிலும், குவேக் 3 எஞ்சின் 2005 ஆகஸ்டிலும் அதே ஜிபிஎல்லில் வந்தன. வந்தவை எஞ்சின்கள் மட்டுமே. கட்டங்கள், அரக்கர்கள், துப்பாக்கிச் சத்தம், இசை எல்லாம் அடங்கிய வாட் ஃபைலும் பாக் ஃபைலும் இன்றுவரை மூடிய சொத்து. டூமின் இலவச மாதிரிப் பதிப்பான ஷேர்வேர் வாட்கூட மாற்றாமல் பகிரத்தான் அனுமதி. அதனால் டெபியனில் அது நான்-ஃப்ரீ என்ற சுதந்திரமற்ற மென்பொருள் பிரிவில் இருக்கிறது.

டெபியனின் கணக்கு தெளிவானது. எஞ்சின் சுதந்திர மென்பொருளாக இருந்தாலும், மூடிய தரவு இல்லாமல் அது ஒன்றுக்கும் உதவாது என்றால் அதன் இடம் கான்ட்ரிப். சுதந்திரமான மாற்றுத் தரவு ஒன்று இருந்தால் எஞ்சின் மெயின் என்ற முதன்மைப் பிரிவுக்குப் போகலாம். டூம் எஞ்சின்களுக்கு அந்த வழியைத் திறந்தது ஃப்ரீடூம். படம், ஒலி, கட்டம் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் புதிதாகச் செய்து பிஎஸ்டி உரிமத்தில் கொடுத்த தொகுப்பு அது.

ஓப்பன்டிடிடி என்ற விளையாட்டின் கதை இதைவிட நுட்பமானது. பழைய டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸின் படங்கள் இல்லாமல் அது ஓடாது என்ற நிலையை, 2010 ஏப்ரலில் வந்த 1.0 பதிப்பு மாற்றியது. ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் படங்களும், ஓப்பன்எஸ்எஃப்எக்ஸ் ஒலிகளும், ஓப்பன்எம்எஸ்எக்ஸ் இசையும் சேர்ந்துகொண்டன. ஆனால் ஒலித் தொகுப்புக்கு அப்போது கொடுத்திருந்த கிரியேட்டிவ் காமன்ஸ் சாம்ப்ளிங் உரிமம் டெபியனின் அளவுகோலில் தேறவில்லை. படம் மெயினில், ஒலி நான்-ஃப்ரீயில். பிற்பாடு ஒலிக்கும் உரிமத்தை மாற்றினார்கள். “கிரியேட்டிவ் காமன்ஸ்தானே” என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்சி, மாற்றத்தைத் தடுக்கும் என்டி இரண்டும் டெபியனின் மெயினில் நுழையாது.

தரவைத் தொடாமல் பயனருக்கு உதவ ஒரு நல்ல வழி உண்டு. டெபியனின் கேம்-டேட்டா-பேக்கேஜர் என்ற கருவியை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். அதில் எந்த விளையாட்டின் தரவும் இல்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் என்னென்ன ஃபைல் வேண்டும், அவற்றின் அளவு என்ன, எம்டி5 மற்றும் ஷா ஹேஷ் (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் அடையாள எண்) என்ன என்ற விவரம் மட்டும் யாம்ல் என்ற எளிய எழுத்து ஃபைலில் இருக்கும். பயனர் தன் குறுந்தட்டையோ, ஸ்டீம் கோப்புறையையோ, ஜிஓஜி இணையக் கடையில் வாங்கிய விண்டோஸ் நிறுவியையோ காட்டினால் கருவி அதைத் திறந்து, ஹேஷ் பொருந்துகிறதா என்று பார்த்து, அவருடைய கணினியிலேயே ஒரு டெப் பேக்கேஜைக் கட்டிவிடும். இன்னோ என்ற கருவியால் செய்த விண்டோஸ் நிறுவிகளைப் பிரிக்க இன்னோஎக்ஸ்ட்ராக்ட் வேண்டும், அதை முன்பே போட்டுவையுங்கள். டூம் 1.9 ஷேர்வேர் வாட் சரியாக 4,196,020 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் கருவி மறுத்துவிடும். மறுப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் பழைய பதிப்பு, அல்லது யாரோ மாற்றிய நகல். இப்படிக் கட்டிய டெப் ஃபைல் உங்கள் வீட்டுக்கு மட்டும். அதை டெலிகிராம் குழுவில் ஏற்றினால், கருவி கவனமாகத் தவிர்த்த பகிர்தலை நீங்களே செய்தவர் ஆகிறீர்கள்.

ஆர்ச் டிஸ்ட்ரோவின் பயனர்கள் நடத்தும் ஏயூஆர் களஞ்சியமும் இதே வழிதான்: செய்முறை மட்டும் பொதுவில், மூலப்பொருள் பயனரிடம். நிக்ஸ் என்ற பேக்கேஜ் முறையில் இதற்கென்றே ரிக்வயர்ஃபைல் என்ற வசதி இருக்கிறது. ஃபைல் இல்லையென்றால் எங்கிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

மூல நிரலே கிடைக்காத விளையாட்டுகளுக்கு எஞ்சினைப் பின்னோக்கிப் பிரித்து எழுதுவார்கள். இங்கே ஆபத்து அதிகம். ஜிடிஏ 3, வைஸ் சிட்டி இரண்டின் இயங்கு ஃபைல்களைப் பிரித்து எழுதிய ஆர்இ3 திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் டேக்-டூ நிறுவனம் கிட்ஹப் வழியே அகற்றல் அறிவிப்பு அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கும் போட்டது. அசல் நிரலைப் பார்த்து வரிக்கு வரி திருப்பி எழுதியதை, விளையாட்டின் நடத்தையை மட்டும் பார்த்துப் புதிதாக எழுதியதோடு ஒன்றாக வைக்க முடியாது. ஒரு திட்டத்தைப் பேக்கேஜ் செய்யும்முன் அதன் கமிட் வரலாற்றின் தொடக்கத்தைப் படியுங்கள். எப்படி எழுதினார்கள் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

கடையில் கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாமா

அபாண்டன்வேர் என்று ஒரு சட்ட வகை உலகில் எங்கும் கிடையாது. நிறுவனம் மூடப்பட்டாலும் அதன் பதிப்புரிமை சொத்தாக யாரிடமோ போய்ச் சேரும். சிங்கப்பூரில் பதிப்புரிமை, ஆசிரியரின் ஆயுள் முடிந்து 70 ஆண்டுகள் நீடிக்கும். ஆசிரியர் யாரென்று தெரியாத படைப்புகளுக்கும் வெளியீட்டில் இருந்து 70 ஆண்டுகள் என்ற கணக்கு உண்டு. உரிமையாளரே விட்டுக்கொடுத்தால் ஒழிய, 1990களின் விளையாட்டு எதுவும் 2060க்கு முன் பொதுச்சொத்து ஆகாது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், நியாயமான பயன்பாட்டை எடைபோட நான்கு விஷயங்களைப் பட்டியலிடுகிறது: பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தை மதிப்பின் மீதான விளைவு. பழைய சட்டத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அந்தப் படைப்பை நியாயமான நேரத்தில், வழக்கமான விலையில் வாங்க முடியுமா என்பது அது. “எங்கும் கிடைக்கவில்லை, அதனால் நகலெடுத்தேன்” என்று சொல்பவருக்கு நேரடியாகக் கைகொடுக்கும் வரி அதுதான். புதிய சட்டத்தில் அது தனி அம்சமாக இல்லை. நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று பொருள் இல்லை. ஆனால் அந்த ஒரே வாதத்தின் மேல் ஒரு பேக்கேஜ் களஞ்சியத்தையே கட்டி எழுப்புவது சரியல்ல.

கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், அசல் கெட்டாலோ தொலைந்தாலோ பயன்படுத்த ஒரு காப்பு நகல் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பிற நிரல்களோடு இணங்கி இயங்கச் செய்வதற்காகப் பிரித்துப் பார்க்கவும் நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. இவை நிரலுக்கானவை. தட்டில் உள்ள இசைக்கும் படத்துக்கும் இவை தாமாக நீண்டுவிடாது.

உரிமையாளர் மனம்வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற விளையாட்டு ஓர் அருமையான சான்று. 2003இல் ரெவல்யூஷன் நிறுவனம் அதை இலவசமாகப் பகிர அனுமதித்தது. ஸ்கம்விஎம் எஞ்சினோடு சேர்ந்து இன்று ஒரே கட்டளையில் டெபியனிலும் உபுண்டுவிலும் இறங்குகிறது. உரிமையாளரிடம் முறையாகக் கேட்டு வாங்கிய அனுமதி என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக அந்த விளையாட்டு களஞ்சியங்களில் நிலைத்திருக்கிறது.

பூட்டு, சாவி, எமுலேட்டர்

சேஃப்டிஸ்க் போட்ட விளையாட்டுகள் விண்டோஸ் 10இல் ஓடுவதில்லை. அதற்குத் தேவையான செக்டிஆர்வி என்ற டிரைவரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புக் காரணத்துக்காகக் கைவிட்டுவிட்டது. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனிலும் இது தலைவலிதான். தட்டு இல்லாமல் ஓடும்படி மாற்றி இணையத்தில் வைத்திருக்கும் நோ-சிடி ஃபைலை பேக்கேஜில் சேர்ப்பது இரட்டைத் தவறு: மாற்றப்பட்ட அசல் நிரலைப் பகிர்கிறீர்கள், பூட்டை மீறும் கருவியையும் பகிர்கிறீர்கள். எஞ்சின் ஜிபிஎல்லில் கிடைக்கும் விளையாட்டுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. பூட்டு இயங்கு ஃபைலில் இருக்கிறது. புதிய எஞ்சினுக்கு வேண்டியது தரவு ஃபைல் மட்டும்.

எமுலேட்டர், அதாவது ஒரு விளையாட்டுக் கருவியைப் போலவே கணினியை நடக்க வைக்கும் நிரல், எழுதுவது தன்னளவில் குற்றமல்ல என்பதற்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் சோனி–கனெக்டிக்ஸ் தீர்ப்பைச் சொல்வார்கள். எமுலேட்டரோடு என்ன சேர்ந்து வருகிறது என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டருக்கு வேண்டிய பயாஸ் (கருவியின் உள்நிரல்), எம்டி-32 ஒலிக்கருவிக்கு வேண்டிய ரோலண்ட் ரோம் (அதன் நினைவகச் சில்லின் நகல்) இரண்டும் பதிப்புரிமை உள்ள ஃபைல்கள். பேக்கேஜில் அவை இருக்கக்கூடாது. டால்ஃபின் எமுலேட்டர் 2023இல் ஸ்டீமுக்கு வரவிருந்தபோது நின்டெண்டோ, ஸ்டீமை நடத்தும் வால்வுக்குக் கடிதம் எழுதியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நின்டெண்டோவின் வீ கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மறையாக்கச் சாவி டால்ஃபினின் நிரலுக்குள்ளேயே இருந்ததுதான் எல்லோரும் பேசிய விஷயம். நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான யுசு தன்னோடு சாவியைக் கொடுக்கவில்லை. ஆனாலும் 2024 மார்ச்சில் 24 லட்சம் அமெரிக்க டாலருக்கு இணங்கி மூடவேண்டி வந்தது. இன்றைக்கு விற்பனையில் இருக்கும் கருவிக்கும், கடையில் இருந்து மறைந்துபோன கருவிக்கும் நடைமுறையில் இருக்கும் வேறுபாடு இது. சட்டத்தின் எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

ஆர்கேட் விளையாட்டுகளுக்கான மேம் எமுலேட்டரின் தடை வேறு மாதிரியானது. அதன் சொந்த உரிமமே வணிகப் பயன்பாட்டைத் தடுத்ததால் டெபியனில் நீண்டகாலம் நான்-ஃப்ரீயில் கிடந்தது. பழைய பங்களிப்பாளர்களைத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்கி, 2016 மார்ச்சில்தான் ஜிபிஎல்லுக்கு மாறினார்கள்.

கோடெக்: நிரல் சுதந்திரம், கணிதம் பூட்டப்பட்டது

கோடெக்குகளில் பதிப்புரிமை பெரிய சிக்கல் இல்லை. ஹெச்.264 காணொளியை உருவாக்கும் எக்ஸ்264இன் நிரல் ஜிபிஎல், யாரும் பகிரலாம். சிக்கல் பேட்டன்ட்டில். நீங்களே முதல் வரியில் இருந்து எழுதினாலும், அந்த முறையைப் பயன்படுத்தும் எந்த நிரலும் பேட்டன்ட்டுக்குள் வரும்.

பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனித்தனி. 20 ஆண்டுகளில் முடியும், ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் முடியாது. எம்பி3இன் உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23 அன்று முடிந்தது. ஃபெடோரா 2016 நவம்பரிலேயே எம்பி3 வாசிப்பையும், அடுத்த ஆண்டு மே மாதம் எழுதுவதையும் சேர்த்துக்கொண்டது. டிவிடியின் எம்பெக்-2க்கு அமெரிக்காவில் கடைசிப் பேட்டன்ட் 2018 பிப்ரவரியில் முடிந்தபோது, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இன்னும் உயிரோடு இருந்தது. ஹெச்.264 என்ற காணொளிச் சுருக்கத் தரநிலை 2003இல் வந்தது. 20ஐக் கூட்டி 2023இல் முடிந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. அதன் மேம்பட்ட வடிவமான ஹை புரொஃபைல் அதற்குப் பிறகு சேர்ந்தது, அதற்கான பேட்டன்ட்டுகளும் பிந்தியவை. அமெரிக்காவில் பரிசீலனை தாமதமானதற்காகக் கூடுதல் காலமும் கொடுப்பார்கள். பலருடைய பேட்டன்ட்டுகளைச் சேர்த்து ஒரே உரிமமாகத் தரும் தொகுப்பை நடத்தும் நிறுவனம் நாடுவாரியாகப் பேட்டன்ட் பட்டியல் வெளியிடுகிறது. ஊகிப்பதைவிட அதில் சிங்கப்பூருக்கான வரிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சிங்கப்பூரின் பேட்டன்ட் சட்டத்தில் “கணினி நிரலுக்குப் பேட்டன்ட் இல்லை” என்ற வெளிப்படையான விலக்கு கிடையாது. ஐரோப்பாவைக் காட்டி வாதாடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் 66ஆம் பிரிவில் ஒரு பெரிய கதவு திறந்திருக்கிறது: தனிப்பட்ட முறையில், வணிக நோக்கமின்றிச் செய்யும் செயல் மீறல் ஆகாது. உங்கள் வீவக வீட்டில் உட்கார்ந்து எக்ஸ்264இல் குடும்பக் காணொளியைச் சுருக்குவதும், களஞ்சியத்தில் ஏற்றி உலகத்துக்குக் கொடுப்பதும் இந்தப் பிரிவின் முன் ஒன்றல்ல. பயன்படுத்துபவருக்கு ஒரு நிலை, பேக்கேஜ் கட்டுபவருக்கு இன்னொரு நிலை.

இந்த வேறுபாட்டின் மேல்தான் சிஸ்கோவின் ஓப்பன்ஹெச்264 நிற்கிறது. 2013இல் அறிவிக்கப்பட்டது. நிரல் பிஎஸ்டி. அதை நீங்கள் தொகுத்துக் கொடுத்தால் உரிமத் தொகை உங்கள் பொறுப்பு. சிஸ்கோ தொகுத்துத் தன் சர்வரில் இருந்து கொடுத்தால் தொகையை சிஸ்கோ கட்டுகிறது. அதனால்தான் ஃபெடோராவில் இதற்கென்று தனிக் களஞ்சியம். பல டிஸ்ட்ரோக்களில் ஓடும் பேக்கேஜ் வடிவமான ஃபிளாட்பேக்கிலும் இந்தக் கோடெக் பேக்கேஜுக்குள் இருக்காது, நிறுவும் நேரத்தில் உங்கள் கணினி நேரடியாக சிஸ்கோவிடம் போய் எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டின் விலை: பாதுகாப்புத் திருத்தம் தயாரானாலும் சிஸ்கோ ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளூர் மிரர் வைத்து இணையத் தொடர்பில்லாத கணினிகளுக்குப் பரிமாறுபவர்கள், இந்த ஃபைலைத் தங்கள் மிரரில் நகலெடுத்து வைத்தால் ஏற்பாட்டின் அடிப்படையே போய்விடும்.

ஃபெடோராவைப் புதிதாகப் போட்டு, ஏஎம்டி வரைகலை உள்ள கணினியில் காணொளி ஓட்டும்போது மின்விசிறி இரைந்தால் காரணம் இதுதான்: 2022 செப்டம்பரில் மேசா என்ற வரைகலை டிரைவர் தொகுப்பில் இருந்து ஹெச்.264, ஹெச்.265, விசி-1 மூன்றின் வன்பொருள் முடுக்கத்தையும் அணைத்துவிட்டார்கள். விஏஇன்ஃபோ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் ஹெச்264 வரிகள் இல்லையென்றால் உறுதி. ஆர்பிஎம் ஃப்யூஷனைச் சேர்த்து, டிஎன்எஃப்பின் ஸ்வாப் கட்டளையால் மேசாவின் விஏ டிரைவர் பேக்கேஜை அதன் ஃப்ரீவேர்ல்ட் பதிப்பாக மாற்ற வேண்டும். ஸ்டீம் விளையாடுபவர்கள் 32 பிட் பேக்கேஜையும் மாற்ற மறந்துவிடுகிறார்கள், பழைய விளையாட்டில் காணொளி ஓடாமல் நிற்பது அதனால்தான். காணொளியைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் கருவியின் எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ என்ற குறைத்த பதிப்பை முழுப் பதிப்பாக மாற்றும்போது, பழையதை அகற்ற அனுமதிக்கும் அலவ்இரேசிங் விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் முரண்பாட்டில் நின்றுவிடும். ஃபெடோரா மேசாவைப் புதுப்பித்த உடனே ஃப்ரீவேர்ல்ட் பதிப்பு வந்துவிடாது. அப்போது வரும் பிழைச்செய்தியைப் பார்த்துப் பதறி எதையும் வலுக்கட்டாயமாக நீக்காதீர்கள். ஓரிரு நாள் பொறுத்தால் தானே சரியாகும்.

விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் வால்வின் புரோட்டானில் சில விளையாட்டுகளின் இடைக்காணொளி இருக்க வேண்டிய இடத்தில் பழைய தொலைக்காட்சி வண்ணப்பட்டைகள் தெரிவதும் இதே குடும்பத்துச் சிக்கல். மூலக் கோடெக்கைத் தன்னோடு கொடுக்காமல், சுதந்திர வடிவத்துக்கு மாற்றிய காணொளியை வால்வ் தனியாக இறக்குகிறது. அந்த மாற்றம் இன்னும் செய்யப்படாத விளையாட்டில் பட்டைகள் மட்டும் தெரியும்.

டெபியனின் அணுகுமுறை வேறு. எக்ஸ்264 உட்பட முழு எஃப்எஃப்எம்பெக்கும் மெயினில் இருக்கிறது. ஆனால் பேட்டன்ட் பற்றிய ஐயத்தைப் பொது அஞ்சல் குழுவில் எழுதாதீர்கள், அதற்கென்று உள்ள தனி முகவரிக்கு எழுதுங்கள் என்று அவர்களுடைய கொள்கை கேட்டுக்கொள்கிறது. “இது மீறல் என்று தெரிந்தே செய்தார்கள்” என்பதற்குச் சாட்சியத்தை நாமே பொதுவெளியில் எழுதிவைக்கக் கூடாது என்பதுதான் காரணம். புதிதாகப் பங்களிக்க வரும் ஆர்வமுள்ள இளைஞர்கள் பிழைப் பதிவில் பேட்டன்ட் எண்களை ஒட்டிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் திட்டத்துக்குத் தீங்கு.

விசிடியும் டிவிடியும்

சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் வாங்கிய தமிழ்ப் பட விசிடிகள் பல வீடுகளில் பெட்டி பெட்டியாக இன்னும் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற இன்னும் அதிக காலம் இல்லை, தட்டுகள் மங்கிக்கொண்டிருக்கின்றன. சட்டப்படி பார்த்தால் இவற்றில் சிக்கல் குறைவு. விசிடி என்பது எம்பெக்-1 படம், எம்பி2 ஒலி. பேட்டன்ட் காலாவதி ஆகிவிட்டது, தரநிலையில் பூட்டும் கிடையாது. எதையும் உடைக்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்தில் ஒரு கண்ணி உண்டு. தட்டைத் திறந்து ஏவிசெக்01.டேட் ஃபைலை சாதாரணமாக நகலெடுத்தால் உள்ளீட்டுப் பிழை வரும். தட்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். சாதாரண தரவுத் தட்டில் ஒரு செக்டருக்கு 2048 பைட். விசிடியின் படப்பகுதி மோட் 2 ஃபார்ம் 2இல் எழுதப்படுவதால் 2324 பைட். கோப்பு மேலாளருக்கு அது புரியாது. விசிடிஇமேஜர் தொகுப்பில் உள்ள விசிடிஎக்ஸ்ரிப் கருவி செக்டர்களைச் சரியாகப் படித்து எம்பெக் ஃபைலாகத் தரும். 352க்கு 288 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம், படத்துக்கு சுமார் 1150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். ஒரு தட்டில் 74 நிமிடம், ஆகவே இரண்டரை மணி நேரப் படத்துக்கு மூன்று தட்டு. மறுபடி சுருக்க வேண்டாம், அப்படியே எம்கேவி உறைக்குள் மாற்றிவையுங்கள். இருக்கும் தரமே குறைவு, அதையும் இழக்க வேண்டியதில்லை. பூட்டு இல்லை என்பதால் படத்தின் பதிப்புரிமை போய்விடவில்லை. காப்பு நகல் உங்கள் அலமாரிக்குத்தான், ஊருக்கு அல்ல.

டிவிடி அப்படியல்ல. சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கிறது. அதைத் திறப்பது வீடியோலேன் அமைப்பின் லிப்டிவிடிசிஎஸ்எஸ். டெபியனிலோ ஃபெடோராவிலோ இது நேரடியாக இல்லை. டெபியனின் கான்ட்ரிப்பில் உள்ள லிப்டிவிடி-பிகேஜி, மூல நிரலை வீடியோலேனில் இருந்து இறக்கி உங்கள் கணினியிலேயே தொகுக்கிறது. வெறுமனே நிறுவினால் போதாது, பிறகு டிபிகேஜி-ரீகான்ஃபிகரை ஒருமுறை ஓட்ட வேண்டும். ஒரு பேக்கேஜ் நிறுவப்படும்போது அதற்குள்ளிருந்து இன்னொன்றை நிறுவ முடியாது என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். ஆர்பிஎம் ஃப்யூஷனில் இது டெயின்டட் என்ற தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது, பயனர் தெரிந்தே அதைத் திறக்க வேண்டும்.

மண்டலக் குறியீடு அடுத்தது. சிங்கப்பூர் மண்டலம் 3, இந்தியா மண்டலம் 5. டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், அதன்பின் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். தட்டு ஓடவில்லை என்றதும் முதல் வேலையாக மண்டலத்தை மாற்றாதீர்கள்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. பாதுகாப்புப் பூட்டை மீறுவதற்கான தடை தனிப் பகுதியாக இருக்கிறது. பேட்டன்ட் சட்டத்தின் தனிப்பயன் விலக்கு இங்கே பொருந்தாது, நியாயமான பயன்பாட்டு வாதமும் தானாக வந்து நிற்காது. விதிவிலக்குகள் சட்டத்திலும் 2021 பதிப்புரிமை விதிமுறைகளிலும் தனியே பட்டியலிடப்பட்டுள்ளன. உங்கள் செயல் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மீறும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பவரின் நிலை, தன் தட்டைப் பார்ப்பவரின் நிலையைவிட இன்னும் குறுகலானது. சமூக மன்றத்துக் கணினிகளுக்கு உபுண்டு பிம்பம் தயாரிப்பவர்கள் லிப்டிவிடிசிஎஸ்எஸை உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விற்பனை என்றால்

சிம் லிம் ஸ்குவேரில் இணையவழிப் படம் ஓட்டும் பெட்டி விற்ற கடைகளில் 2022 அக்டோபரில் போலீஸ் சோதனை நடந்தது. அங்கீகாரமில்லாத உள்ளடக்கத்துக்கு வழிசெய்யும் கருவிகளின் வணிகத்தைப் புதிய சட்டம் நேரடியாகவே குறிவைக்கிறது. 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆயிரக்கணக்கான ரோம் (விளையாட்டு நகல்) நிரப்பிய அட்டையோடு கையடக்க விளையாட்டுக் கருவி விற்பதும் மீறல் நகல்களை விற்பதுதான். எமுலேட்டர் சுதந்திர மென்பொருள் என்பது அங்கே எந்தக் கேடயமும் ஆகாது.

நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு வழி இருக்கிறது, செலவும் பலர் பயப்படும் அளவு இல்லை. ஹெச்.264 பேட்டன்ட் தொகுப்பின் அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் ஆண்டுக்கு முதல் 100,000 கருவிகளுக்குத் தொகை இல்லை, அதற்குமேல் கருவிக்கு 0.20 அமெரிக்க டாலர். தொகை இல்லை என்பதால் ஒப்பந்தம் வேண்டாம் என்று ஆகாது. ராஸ்பெரி பை தன் தொடக்க காலத்தில் எம்பெக்-2 சாவியை 2.40 பவுண்டுக்கும் விசி-1 சாவியை 1.20 பவுண்டுக்கும் தனியாக விற்றது. தேவைப்பட்டவர் வாங்கிக்கொண்டார், கருவியின் விலையும் ஏறவில்லை. ஹெச்.265க்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் இருப்பதால் கணக்கு சிக்கலானது. காணொளி உங்கள் கையிலேயே தயாராகிறது என்றால் ஏவி1 அல்லது விபி9, ஒலிக்கு ஓபஸ் என்று முடித்துவிடுங்கள்.

கருவிக்குள் எஃப்எஃப்எம்பெக் இருந்தால் அதை எப்படித் தொகுத்தீர்கள் என்பதையும் பாருங்கள். இயல்பாக அது ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல். எக்ஸ்264ஐச் சேர்க்க ஜிபிஎல் விருப்பத்தை இயக்கினால் முழுத் தொகுப்பும் ஜிபிஎல் ஆகிவிடும், மூல நிரலைக் கொடுக்கும் கடமை வரும். அதோடு ஃபிரான்ஹோஃபரின் எஃப்டிகே ஏஏசியையும் சேர்க்க நான்ஃப்ரீ விருப்பம் கேட்கும். அதை இயக்கியபின் அந்த ஃபைலை யாருக்கும் கொடுக்கவே முடியாது, விற்கவும் முடியாது, இலவசமாகவும் முடியாது. எஃப்எஃப்எம்பெக்கை பெரிய எழுத்து எல் விருப்பத்தோடு ஓட்டினால் தன் உரிம நிலையை அதுவே சொல்லிவிடும். இணையத்தில் இருந்து எடுத்த டாக்கர் பிம்பத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்முன் இதை ஓட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஃபைல் ஃபைலாகப் பார்ப்பது

பேக்கேஜ் கட்டுபவரின் உண்மையான உழைப்பு, உரிம விவரங்களை எழுதிவைக்கும் காப்பிரைட் ஃபைலில் இருக்கிறது. லைசென்ஸ்செக் கருவி நிரல்களின் தலைப்பு வரிகளைப் படித்துத் தரும், ஆனால் படத்துக்கும் ஒலிக்கும் அது குருடு. தரவுக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு ஓக், பிஎன்ஜி, டிடிஎஃப் ஃபைலுக்கும் யார் செய்தது, எந்த உரிமம் என்று நீங்கள்தான் தேட வேண்டும். டெபியனின் புதிய பேக்கேஜ் வரிசையில் திரும்பி வருபவற்றில் பல இந்தக் குறையால் வருபவை. எழுத்துருவை யாரும் கவனிப்பதில்லை. பழைய விளையாட்டுகளில் ஏரியல் ஒளிந்திருக்கும், அதை லிபரேஷன் எழுத்துருவால் மாற்றலாம். தமிழாக்கம் சேர்க்கும் நண்பர்கள் தங்கள் விண்டோஸில் இருக்கும் லதாவைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். லதா மைக்ரோசாஃப்டின் சொத்து. லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் ஓஎஃப்எல் என்ற சுதந்திர எழுத்துரு உரிமத்தில் இருக்கின்றன. அவற்றையும் பேக்கேஜுக்குள் நகலெடுக்காமல் டிஸ்ட்ரோவின் எழுத்துருப் பேக்கேஜைச் சார்ந்திருக்கச் செய்வது மேல்.

பெயர் விஷயத்தில், “டூம் 2 தரவோடு இயங்கும்” என்று விளக்கத்தில் எழுதலாம். அசல் இலச்சினையை ஐகானாக வைக்க வேண்டாம்.

அசல் உரிமையாளர் இன்னும் தொடர்பில் கிடைக்கிறார் என்றால் எழுதிக் கேளுங்கள். அந்தத் தலைமுறைப் படைப்பாளிகளுக்கு வயதாகிறது, தாமதிக்கக்கூடாது. “இலவசமாகப் பகிரலாமா” என்று மட்டும் கேட்டு வாங்கும் அனுமதி பெரும்பாலும் பயன்படாது. விளையாட்டின் பதிப்பு எண்ணையும் ஃபைல் பெயர்களையும் ஹேஷோடு குறிப்பிடுங்கள். நகலெடுக்க, மாற்ற, மாற்றியதைப் பகிர, கட்டணத்துக்கு விற்கும் தொகுப்பில் சேர்க்க என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். அனுமதி உங்கள் ஒருவருக்கா, பெறுகிற எல்லோருக்குமா என்பதைத் தெளிவாக்குங்கள். இசையும் காணொளியும் அவர் கொடுக்கக்கூடியவைதானா, இல்லை மூன்றாம் தரப்பினுடையவையா என்றும் கேளுங்கள். நான்காவதுக்கு மறுத்தால் நான்-ஃப்ரீயில் வைக்கலாம், இசைக்கு மட்டும் மறுத்தால் அந்த ஃபைல்களை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். வரும் பதிலைச் சுருக்காமல், தேதியோடு, அனுப்பியவரின் ஒப்புதலோடு காப்பிரைட் ஃபைலுக்குள் அப்படியே ஒட்டிவையுங்கள்.